லண்டன் கணிப்பும் பதினொரு வீட்டு ஓமும்

மல்கிரேவ்,
மெல்பேர்ண்.
16.4.1979, திங்கட்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் மகேந்திரராஜா அவர்களுக்கு,

தங்கள் தங்கை விமலாதேவியின் கணவன் யோகேஸ்வரன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நல்ல சுகம். தாங்களும் தங்கள் பாரியாரும், பிறந்த நாள் தொட்டு எங்களுக்கு மருமகளாயிருந்து, வருகிற ஆவணியில் இரண்டாம் முறையும் மருமகளாகப் போகிற தங்கள் மகள் ரஞ்சினியும் அங்கே சுகமாயிருக்க வேண்டுகிறோம். இனித் தாங்கள் வெறும் மச்சான் அல்ல, சம்பந்தி. ஆகையால் "நீர்" என்று எழுதாமல் "தாங்கள்" என்று எழுத வேண்டும் என்பது பக்கத்துக் கதிரையில் இருக்கும் விமலாவின் கட்டளை. அவள் குசினிக்குப் போகும் வரை அப்படியே எழுதுகிறேன்.

போய்விட்டாள். மச்சான், உமக்கு மே மூன்றாம் திகதி வாக்கு இருக்கிறதுதானே? பொதுநலவாய நாட்டுக்காரன் லண்டனில் வீடு வாசலோடு இருந்தால் வாக்குப் போடலாம் என்று நீர்தான் முந்தி ஒருமுறை பெருமையாக எழுதியிருந்தீர். ஆருக்குப் போடவேண்டும் என்று சொல்வதற்கு நான் ஆர்? அது உம்முடைய உரிமை. இந்தக் கடிதம் அதைப் பற்றியதே அல்ல, கடைசிப் பக்கத்தைத் தவிர.

உங்கள் ஊர்த் தேர்தலை நீங்கள் பார்ப்பதை விட நாங்கள் இங்கே கூடப் பார்க்கிறோம். நாலு வீடு தள்ளி விக்னராஜா என்று ஒருவர் இருக்கிறார், ரயில்வேயில் வேலை. நகரத்திலே லண்டன் பேப்பர்கள் விற்கிற கடை ஒன்றைக் கண்டுபிடித்து, நாலைந்து நாள் பழசானதை வாங்கி வருவார். பேப்பர் பழசானாலும் கணிப்பு பழசாகாது என்பது அவருடைய கொள்கை. மனுசன் தேத்தண்ணீரை வைத்துக்கொண்டு வாசிப்பார்: ஒரு கணிப்பு கொன்சவேட்டிவ் கட்சி கொஞ்சம் முன்னுக்கு நிற்கிறது என்று சொல்லும், அடுத்த கணிப்பு எட்டாத தூரம் போய்விட்டது என்று சொல்லும், இரண்டும் ஒரே கிழமையில் எடுத்தவையாயிருக்கும். நான் அவருக்கு ஒரு நாள் சத்தமாக, "லண்டனிலை திருப்பியும் கணிச்சிருக்கிறாங்கள் பாத்தீரே" என்று சொல்ல, உள்ளே தோசை சுட்டுக்கொண்டிருந்த விமலா அகப்பையோடு ஓடி வந்து, "ஏன் திருப்பிக் கணிச்சவை? முந்தியே எட்டுப் பொருத்தம் சரி எண்டுதானே சாத்திரியார் எழுதினவர்" என்று கேட்டாள். தேர்தல் கணிப்பு என்று விளங்கப்படுத்தி முடிக்க இரண்டு தோசை கருகிப் போயிற்று. அதை எனக்குத்தான் போட்டாள்.

எனக்கு இந்தக் கணிப்பில் நம்பிக்கை உண்டா என்று நீர் கேட்பீர். எஸ்.எஸ்.சி. பரீட்சையை இரண்டு தரம் எடுத்தவன் நான், எனக்குப் புள்ளிவிபரம் தெரியாது. ஆனால் கார் உதிரிப்பாகக் களஞ்சியத்தில் ஐந்து வருஷமாக நிற்கிறேன். ஆயிரம் போல்ட் வந்தால் ஆயிரத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை, பத்தை எடுத்து நட்டிலே திருகிப் பார்த்துவிட்டு முழுப் பெட்டியையும் உள்ளே எடுத்துவிடுவோம். கணிப்பும் அதே வேலைதான். ஒரே ஒரு வித்தியாசம், போல்ட் வெட்கப்படாது. வாசலில் வந்து நின்று கணிப்புக்குக் கேட்கிற மனிசி மனம் கோணக்கூடாது என்று போல்ட் பொய் சொல்லாது. எழுபதாம் ஆண்டு உங்கள் ஊரில் கணிப்புக்காரர் அநேகம் பேர் ஒரு பக்கம் சொல்ல, வாக்குப் பெட்டி மற்றப் பக்கம் சொன்னது உமக்கு ஞாபகம் இருக்கும். அதனால்தான் எனக்குக் கணிப்பு நல்லாக இருந்தும் நித்திரை வருகுதில்லை.

ஏன் நித்திரை வருகுதில்லை என்று இனி மறைத்துப் பிரயோசனமில்லை. எங்கள் மகன் சிறிதரன் விஷயம்தான்.

தைப்பொங்கலன்று நீர் எடுத்த டெலிபோன் கோலை நினைத்துப் பாரும். லைன் கரகரவென்று இரைந்தது. இங்கே சொல்வது அங்கே வந்து சேர ஒரு மூச்சு நேரம், அங்கே சொல்வது இங்கே வர இன்னொரு மூச்சு. நீர் தம்பி சாப்பிட்டீரோ என்று கேட்டீர், வேலை எப்படி என்று கேட்டீர், அந்த மூச்சோடு மூச்சாக, "கலியாணம் முடிய இஞ்சை லண்டனுக்கு வாறதுதானே தம்பி" என்றும் கேட்டீர். அவன் ஓம் மாமா, ஓம் மாமா, ஓம் மாமா என்றான். எந்த ஓம் எந்தக் கேள்விக்கு வந்தது என்று கடவுளுக்கும் டெலிபோன் கொம்பனிக்கும்தான் தெரியும். நீர் அடுத்த நாளே, "மருமகன் சம்மதித்துவிட்டார், மேல் மாடியில் அறை பூசுகிறோம்" என்று எழுதிவிட்டீர். மாப்பிள்ளை பொம்பிளை வீட்டுக்குப் போவதுதான் யாழ்ப்பாணத்து வழக்கம் என்று கீழே ஒரு வரியும் போட்டிருந்தீர். மச்சான், அந்த வழக்கத்தை நான் எப்படி மறுப்பேன்? நானே உம்முடைய தகப்பனார் கட்டிக் கொடுத்த சீதன வீட்டில் இருபத்திரண்டு வருஷம் இருந்து உங்கள் கிணற்றில் குளித்தவன். பிறகு உம்முடைய தங்கச்சிக்கு இங்கே தாதி வேலை கிடைக்க, அவளுடைய பத்திரத்தில் "கூட வருபவர்" என்று என் பெயரைப் போட்டு, அவளுடைய சூட்கேசுக்குப் பின்னால் வந்து இறங்கியவன். பொம்பிளை வீட்டுக்குப் போகாதே என்று மகனுக்குச் சொல்ல உலகத்தில் கடைசி ஆள் நான்தான்.

ஆனால் சனிக்கிழமை காலைகளில் நானும் அவனும் டண்டினோங் சந்தைக்குப் போவோம். போகிற வழியில் அந்தக் கிழமை போர்மன் எனக்குச் சொன்னதையெல்லாம் அவனுக்குச் சொல்லுவேன், அதில் எது பகிடி எது ஏச்சு என்று அவன் பிரித்துத் தருவான். மீன்காரனிடம் நான் கதைக்கிற இங்கிலீசைக் கேட்டு அவன் மற்றப் பக்கம் திரும்பி நின்று சிரிப்பான். வேறொன்றுமில்லை, அவ்வளவுதான். லண்டனில் உமக்கு இது வேண்டியிராது, உமக்கு இங்கிலீசு நல்லாக வரும்.

இப்போது கேளும். வெளிநாட்டு மாப்பிள்ளைமார் உள்ளே வருகிற வசதியை நிறுத்துவோம் என்று கொன்சவேட்டிவ் கட்சி தன் விஞ்ஞாபனத்தில் எழுதியிருக்கிறது என்று விக்னராஜா சொன்னார். அதாவது அவர்கள் வந்தால் சிறி அங்கே வருவது கஷ்டம், ரஞ்சினி இங்கே வருவதுதான் வழி. விக்னராஜா அதைச் சொல்லிவிட்டு, "பாத்தீரே அநியாயத்தை, எங்கடை ஆக்களைத்தானே மறிக்கப் போறாங்கள்" என்று மேசையில் அடித்தார். நானும் "அநியாயம்தான்" என்று சொல்லி அடித்தேன், ஆனால் அவரை விட மெதுவாக. அவர் போன பிறகு அந்தப் பேப்பரை மடித்துச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்தேன். மச்சான், எங்கள் நிறத்துக்காரருக்கு இந்த நாடு கதவைச் சரியாகத் திறந்து ஆறு வருஷம்தான் ஆகிறது, அந்தக் கதவால் வந்தவன் நான், இன்னொரு நாட்டின் கதவு மூடவேண்டும் என்று விளக்குக் கொளுத்துகிறேன். விமலாவிடம் சொல்லவில்லை. உமக்குத்தான் சொல்கிறேன். என்னைப் பற்றி நீர் கேவலமாக நினைத்தால் அது நியாயம்.

இதற்கிடையில் பெரிய வெள்ளி லீவு வந்தது. சும்மா இருந்தவனுக்குப் புத்தி போன போக்கைப் பாரும். லண்டன் பேப்பர்காரர் கணிப்பு எடுக்கலாம் என்றால் மல்கிரேவ்காரன் எடுக்கக் கூடாதா? எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடு பதினொன்றுக்கு வரிசையாகக் கோல் எடுத்தேன். கலியாணம் முடித்தால் பெட்டை இஞ்சை வந்து இருக்கிறதுதானே நல்லது, என்ன சொல்லுறியள் என்று கேட்டேன். பதினொரு வீட்டிலும் "ஓம்". சத்தியபாமா அன்ரி மட்டும் பதினாலு ஓம் சொன்னா, நான் ஒன்றாகத்தான் பதிந்தேன், கள்ள வாக்கு என்று பெயர் வரக்கூடாது. நூற்றுக்கு நூறு. எந்த நாட்டிலும் எந்தக் கணிப்பிலும் இப்படி வந்திராது. கடுதாசியில் சிவப்பு மையால் எழுதி, உமக்கு அனுப்ப வேண்டுமென்று விமலாவிடம் காட்டினேன்.

அவள் வாசித்துவிட்டுக் கடுதாசியை மேசையில் வைத்தாள். போனை எடுத்தாள். அதே பதினொரு வீடு. "பெடியன் லண்டனுக்குப் போய் இருக்கிறதுதானே நல்லது, என்ன சொல்லுறியள்" என்று கேட்டாள். பதினொரு ஓம். சத்தியபாமா அன்ரி இந்த முறை பதினாறு.

"என்னப்பா இது, காலமை எனக்கும் ஓம் எண்டவை, பின்னேரம் உனக்கும் ஓம் எண்டு சொல்லினம்" என்று கேட்டேன்.

"ஓம் எண்டா விளங்குது எண்டு அர்த்தம்," என்றாள் விமலா. "கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு அர்த்தம். சட்டி கருகுது, கெதியாய் வையுங்கோ எண்டும் அர்த்தம். எப்பவாவது ஒருக்கா ஓம் எண்டும் அர்த்தம்."

"அப்ப நீ கலியாணத்துக்கு முன்னம் எனக்கு ஓம் எண்டது?"

"அது அண்ணை கேட்டவர், நான் கேட்டுக்கொண்டிருக்கிறன் எண்டு சொன்னனான்" என்றாள்.

மச்சான், அந்த விஷயத்தை நீரும் நானும் பிறகு ஆறுதலாகப் பேசுவோம். இப்போது அதிலிருந்து எனக்கு உதித்த ஞானம் இதுதான்: தைப்பொங்கலன்று சிறி சொன்ன மூன்று ஓமும் சம்மதம் அல்ல. அது மாமா மேல் இருக்கிற மரியாதை. ஆகையால் மேல் மாடி அறையை அளவோடு பூசும். நேற்றுச் சாப்பாட்டு மேசையில் நான் அவனிடம், "கலியாணம் முடிய இஞ்சை மெல்பேர்ணிலைதானே தம்பி இருக்கப் போறாய்" என்று நேரே கேட்டேன். "ஓம் அப்பா" என்று முகத்தைப் பார்த்துச் சொன்னான். இது லைனில் வந்த ஓம் அல்ல, இடையில் கரகரப்பு இல்லை, சட்டி கருகவும் இல்லை. இது அசல் ஓம்.

கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டோம். நீர் இருக்கிற தொகுதி இழுபறித் தொகுதி என்று விக்னராஜா சொல்கிறார். ஒரு வாக்கில் என்ன ஆகும் என்று நினைக்க வேண்டாம். நீர் எத்தனையோ வருஷமாகத் தொழிற்கட்சிக்குப் போட்டவர், தொழிற்சங்கக்காரர், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு உமக்குத் தடிமன் காய்ச்சல் போல இருந்தால் வீட்டில் இருந்து ஓய்வெடுக்கலாம், அவ்வளவுதான் நான் கேட்பது. மற்றக் கட்சிக்குப் போடும் என்று வாய் திறந்து கேட்க எனக்கு வெட்கமாயிருக்கிறது. கேட்காமலே போட்டீரானால் சாகும் வரை மறக்க மாட்டேன்.

உங்கள் எல்லோருக்கும் எங்கள் அன்பு. புதுவருஷம் உமது வீட்டுக்கு நோயில்லாத வருஷமாக அமையட்டும். ரஞ்சினிப் பிள்ளைக்கு அவளுடைய மாமியும் நானும் தலையைத் தடவி ஆசி சொன்னதாகச் சொல்லவும். தங்கள் (விமலா திரும்பி வந்துவிட்டாள்) மறுமொழியைத் தாழ்மையுடன் எதிர்பார்க்கும்,

அன்பின் மைத்துனன்,
யோகேஸ்வரன்

பி.கு. 18.4.1979. முத்திரை வாங்கவில்லை என்று கடிதத்தைக் குசினி மேசையில் வைத்திருந்தேன். சிறி வேலையால் வந்து தண்ணீர் குடிக்கப் போனவன் நின்ற நிலையில் முழுவதையும் வாசித்துவிட்டான். மீன்காரனுக்கு முன்னால் திரும்பி நிற்பானே, அப்படி மற்றப் பக்கம் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது.

"அப்பா, மாமாவைத் தன்ரை கட்சிக்கே போடச் சொல்லுங்கோ, பாவம்" என்றான்.

"அப்ப நீ லண்டனுக்கோ?"

"இல்லை."

"அப்ப இஞ்சைதானே?"

அவன் கதிரையை இழுத்து இருந்தான். விஷயம் இதுதான் மச்சான். அவனும் ரஞ்சினியும் மாசி மாதம் தொட்டுக் கடிதத்தில் பேசி முடித்துவிட்டார்களாம். அவளுக்குச் சிட்னியில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளர் வேலை எழுத்தில் வந்துவிட்டது, இவனும் தன் கொம்பனியின் சிட்னிக் கந்தோருக்கு மாற்றம் கேட்டுக் கிடைத்துவிட்டது, குவேக்கர்ஸ் ஹில் என்கிற இடத்தில் வீடு பார்த்திருக்கிறார்கள். "நீங்களும் மாமாவும் மெல்பேர்ணோ லண்டனோ எண்டுதான் கேட்டியள், எங்களுக்கு எது விருப்பம் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை" என்றான். ரஞ்சினி உமக்கு இன்னும் சொல்லவில்லையாம். அப்பா தேர்தலில் மும்முரமாய் நிற்கிறார், முடியட்டும் என்று இருக்கிறாளாம். ஆகையால் இதை வாசித்ததாகக் காட்டிக்கொள்ள வேண்டாம், நடக்க முடியாத அளவு காய்ச்சல் என்றாலும் போய் உம்முடைய கட்சிக்கே வாக்கைப் போடும்.

விமலா இதைக் கேட்டு அழுவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அவனிடம் வீட்டில் எத்தனை அறை என்று கேட்டாள். இரண்டு என்றான். மூன்று உள்ளதாகப் பார் என்றாள். ஆருக்கு என்று அவன் கேட்கவில்லை. நான் நாளைக்கு விக்னராஜாவிடம் சிட்னிப் பேப்பர் எங்கே விற்கும் என்று விசாரிக்கப் போகிறேன், அங்கேயும் களஞ்சியங்கள் இருக்குமல்லவா. நீரும் ஓய்வு பெறுகிற காலம்தானே மச்சான், நாலு அறை என்று சொல்லவா?