சிட்டம்மாளை அடுப்படிக்கு அழைத்து வரக் கோரி மாப்பிள்ளைக்கு

உத்திரமேரூர் வழி,
சனிக்கிழமை காலை.

தலைமைச் செயலகத்தில் சட்டம் எழுதும் பிரிவில் பெரிய நாற்காலியில் வீற்றிருக்கும் மாப்பிள்ளை திரு. கலைச்செல்வன் அவர்களுக்கு மாமனார் தாமோதரன் ஆசிகள் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் பிரஷரும் சௌக்கியம். நீங்களும் ஜெயப்பிரியாவும் சௌக்கியம் என்பதை அவளுடைய ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். போன் செய்தால் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிடுகிறீர்கள். ஆகவே காகிதத்தில் எழுதி, மகன் விஜயை விட்டுப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மீட்டிங்கிலும் நீங்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பீர்கள் என்று ஜெயப்பிரியா சொன்னாள்.

முதலில் பாராட்டு. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக்காரர்களும் கூட்டிப் பெருக்குகிறவர்களும் வேலைநிறுத்தம் செய்தால் குற்றம், திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வேலைக்குத் திரும்பாவிட்டால் வேலை காலி, அதற்கும் மசியாவிட்டால் ஜெயில் என்று சட்டசபையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஆரம்பித்து டீ வருவதற்குள் சட்டமே போட்டுவிட்டீர்களே. நம் ஏரிக் கால்வாயைத் தூர்வாரச் சொல்லி நான் கொடுத்த மனு இன்னும் எந்த மேஜையில் தூங்குகிறதோ தெரியவில்லை. கால்வாய் சட்டத்துக்குப் பயப்படாது, சிட்டம்மாள் பயப்படுவாள் என்று நினைத்திருப்பீர்கள். அங்கேதான் ஏமாந்துவிட்டீர்கள்.

சிட்டம்மாள் என்றால் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமைக்கிறவள், காலனியிலிருந்து வருகிறவள். உங்களுக்கு மறந்திருக்காது. அவளை வேலைக்குப் போட்டபோது, பிள்ளைகளின் உடல்நலம் கருதி வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் சார்பில் நான் எழுதிய மனுவை நீங்கள்தானே சென்னையில் உரிய இடத்தில் சேர்த்தீர்கள். அந்த மனுவும் கால்வாய் மனுவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது, அவள் இங்கேயே தங்கிவிட்டாள். அன்றைக்கு அவள் வரக்கூடாது என்று உங்களைப் பிடித்தேன், இன்றைக்கு அவள் வந்தே ஆகவேண்டும் என்று உங்களைப் பிடிக்கிறேன். அது வேறு, இது வேறு. நம் பேத்தி யாழினிக்கு இன்றுவரை வீட்டிலிருந்துதான் டப்பா போகிறது. டப்பா தினமும் வழித்துத் துடைத்தாற்போல் காலியாக வரும். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து குழந்தை சாப்பிடாமல் துரும்பாக இளைத்துவிட்டாள், டப்பா அப்படியே திரும்பி வருகிறது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் சட்டத்தை அவள் காதில் போட வேண்டுமே என்று பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அவர்கள் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நானே போனேன். பெருநகர் கிராமத்துப் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்திருக்கிறார்கள். சட்டத்தைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா?

"இத்தினி வருசமா பகுதி நேரம், பகுதி நேரம்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இப்ப இன்னான்னா நாங்க இல்லாங்காட்டி ஊரே நடக்காதுன்னு சட்டம் போட்டுகிறாங்க. அப்போ அதுக்குத் தக்கன சம்பளமும் பென்சனும் குடுக்கச் சொல்லுங்க ஐயா. நாளைக்கே அடுப்பு பத்த வெக்கிறேன்."

திமிரைப் பார்த்தீர்களா? நியாயம் பேசுகிற மாதிரியே பேசுகிறாள்.

சரி, சோறு பொங்குவது என்ன பெரிய வித்தையா என்று பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் என்ற முறையில் நானே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். தலைமையாசிரியர் எனக்கு எடுபிடி. அவர் எம்.எஸ்சி. படித்தவர், அடுப்பைப் பற்றவைக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். அரிசியைப் போட்டுவிட்டு விசில் வரட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டிருந்தோம். அண்டாவில் விசில் வராது என்பது அடி பிடித்த நாற்றம் வந்த பிறகுதான் உறைத்தது. முட்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் மொத்தமாகக் கொட்டினேன், அத்தனையும் வெடித்து அண்டா முழுக்க நுரை. உப்பு நானும் போட்டேன், நான் போட்டது தெரியாமல் அவரும் போட்டார். பிள்ளைகள் வாயில் வைத்துவிட்டு வரிசையாகப் போய்க் கைகழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு வந்தார்கள். அது போய்க் குழாயை அடைத்துக்கொண்டது. அடைப்பு எடுக்க ஆள் தேடினால் அந்த அம்மாளும் பந்தலில்தான் உட்கார்ந்திருக்கிறாள். என் மீசையில் இடது பக்கம் கருகியதைப் பற்றி நான் பெரிதுபடுத்த விரும்பவில்லை. கருகியது சட்டமா மீசையா என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ஊர் வாயை மூட ஒரு சட்டம் இருந்தால் நன்றாக இருக்கும்.

ஆகவே மாப்பிள்ளை, சட்டம் போட்டால் மட்டும் போதாது. போலீஸுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். வழக்கம்போல வேனில் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் அடைத்து வைத்தால் சாயந்திரத்துக்குள் புத்தி வந்துவிடும். வேறு மண்டபம் கிடைக்காவிட்டால் நம் மண்டபத்தையே தருகிறேன். இது முகூர்த்தம் இல்லாத மாதம், சும்மாதான் கிடக்கிறது. வாடகை வேண்டாம், கரண்ட் பில் மட்டும் கட்டினால் போதும். அப்படியும் திங்கட்கிழமை வராவிட்டால் முதலில் சிட்டம்மாள் பெயரை அடியுங்கள், மற்றவர்கள் தானாக ஓடி வருவார்கள்.

திருப்புலிவனத்து ஈசன் அருளால் தாங்கள் மேலும் பல சட்டங்கள் எழுதிப் பதவி உயர்வும் பெற்று, ஜெயப்பிரியாவுடன் நீடூழி வாழ இந்த மாமனாரின் ஆசிகள். தீபாவளிக்கு அவசியம் வரவும்.

தங்கள் அன்புள்ள,
சி. தாமோதரன்

பி.கு.: ஞாயிறு மாலை எழுதுவது. மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் விஜய் நேற்றே அனுப்பிவிட்டானாம், நீங்கள் படித்துவிட்டதாக நீலக் கோடும் விழுந்துவிட்டதாம். ஒரு மனுவாவது இந்த மாநிலத்தில் இத்தனை வேகமாகப் போய்ச் சேர்ந்ததே என்று சந்தோஷப்பட முடியவில்லை. நேற்று மதியம் போலீஸ் வந்து பந்தலில் இருந்த பெண்களை வேனில் ஏற்றி நம் மண்டபத்தில் இறக்கிவிட்டது. சாப்பாட்டுப் பொட்டலம் மூன்று மணி ஆகியும் வரவில்லை. உள்ளே இருப்பவர்கள் எல்லாரும் சமையல்காரிகள், மண்டபத்தில் அண்டாவும் அடுப்பும் தயாராக இருக்கின்றன. போராட்டத்துக்கு என்று ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி பருப்பை வைத்துக்கொண்டு அவர்களே பொங்கிவிட்டார்கள். வாசம் நம் வீட்டுக் கூடத்துக்கே வந்தது. முதலில் யாழினி ஓடினாள், அவளைக் கூட்டி வரப் போன உங்கள் அத்தையும் திரும்பவில்லை. கரண்ட் மீட்டர் பார்க்கிற சாக்கில் நானும் போனேன். காவலுக்கு வந்த போலீஸ்காரர்களுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு இலை போட்டார்கள்.

சிட்டம்மாள் கரண்டியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"போடட்டுமா ஐயா? வேணாம்னு ஒரு தபா எழுதிக் குடுத்தீங்களே, அதான் கேட்டுக்கறேன்."

அவள் சிரிக்கவில்லை. போலீஸ்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். உங்கள் அத்தை எல்லம்மாளும் பார்த்தாள். போடு என்றேன். எனக்கே கேட்கவில்லை, மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. நிமிராமல் சாப்பிட்டேன். இரண்டு தரம் வாங்கினேன்.

சாயந்திரம் விடுவித்த பிறகும் அவர்கள் போகவில்லை. சம்பளத்துக்கு வழி சொல்லும்வரை இங்கேயே இருப்பார்களாம். உங்கள் அத்தையும் அவர்களோடுதான் இருக்கிறாள். சிட்டம்மாள் வேலை திங்கட்கிழமை போனால் தானும் அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை என்று யாழினியிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு நாள்கூட லீவு கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது மாப்பிள்ளை. அந்தச் சட்டத்தை வாபஸ் வாங்கச் சொல்லுங்கள்.