அபரஞ்சி மற்றும் பலர்

இந்தக் கதையைச் சொல்ல அபரஞ்சிக்குப் பயம். தப்பாகச் சொல்லிவிட்டால் அந்தத் தப்புக்கு யார் பெயரை முதலில் போடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். அதற்கொரு காரணம் இருக்கிறது.

ராமச்சந்திராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பம்புத் தொழிற்சாலை. அதன் கேன்டீனிலிருந்து அலுவலகத்துக்கு டீ கொண்டுபோவது அபரஞ்சியின் வேலை. ஒப்பந்த வேலைதான். மேலாளர் லக்ஷ்மிநாராயணன் சார் வருடா வருடம் கையெழுத்துப் போட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த வருடம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. எந்தத் தொழில்நுட்பக் கையேடும் தனியொருவரால் உருவாவதில்லை; ஆகவே அது தொடர்பான கூட்டத்தில் வாய் திறந்த அனைவரும் அதன் ஆசிரியர்களாகக் கருதப்படுவர். இப்போதெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் இப்படித்தானாம்.

பெரிய பம்பை ஓட்டுவது எப்படி என்று பத்மஜா என்கிற இன்ஜினியர் பெண் இரண்டு பக்கம் எழுதினாள். ஆசிரியர்கள் பெயர் மட்டும் ஒன்பது பக்கம் வந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னவர் அதில் இருந்தார். தும்மியவர் இருந்தார். அவர் தும்மியதும் ‘அடடா’ என்றவரும் இருந்தார்.

யார் பெயர் முதலில் என்பதில் சண்டை வந்தது. எழுதியது நான்தானே என்று பத்மஜா கேட்டாள்.

“எழுதறதை யார் வேணா எழுதலாம்மா. எழுதச் சொன்னது யாரு?” என்றார் லக்ஷ்மிநாராயணன்.

அட்டைக்கு நீல நிறம் பார்த்துக் கொடுத்த அனிருத்தும் விடவில்லை. கடைசியில் ஆங்கில அகரவரிசைப்படி போடுவது என்று முடிவாயிற்று. எல்லாருக்கும் நியாயம்.

இதற்கு முன்பே ஒன்று நடந்திருந்தது. கூட்டத்தின் முடிவில் லக்ஷ்மிநாராயணன் “எல்லாம் சரிதானே?” என்று பொதுவாகக் கேட்டார். எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன்னால் கப்பை வைத்துக்கொண்டிருந்த அபரஞ்சி, சர்க்கரையைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, “ஹவ் சார்” என்றாள். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆமாம் என்பதற்கு அவள் வாயில் இந்த ஊர் உருதுவின் ஹவ்தான் வரும். கூட்டக் குறிப்பு எடுத்த அனிருத் தலையை நிமிர்த்தாமல் எழுதினான்: இறுதி ஒப்புதல், அபரஞ்சி.

அவள் பெயர் ஆங்கிலத்தின் முதல் இரண்டு எழுத்தான ஏ, பியில் தொடங்கியது; அகரவரிசையில் அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. கையேடு ‘அபரஞ்சி மற்றும் பலர்’ என்று வெளிவந்தது. கம்பெனி பஸ் டிரைவர் அவளை ரைட்டரம்மா என்று கூப்பிட்டு முன் சீட்டைக் கொடுத்தார். அவளும் பயந்துகொண்டேதான் உட்கார்ந்தாள்.

பயந்தது வீண் போகவில்லை. பம்பைத் தொடங்கிவைக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆனந்தராவ் வந்தார். வால்வை வலப்பக்கம் திருப்ப வேண்டும். கையேட்டில் இடப்பக்கம் என்று இருந்தது. விதிப்படி இடப்பக்கம் திருப்பினார்கள். விதிப்படி தண்ணீர் முழுவதும் ஆனந்தராவ் மேல் வந்தது.

மறுநாளே மெமோ வந்தது. ‘அபரஞ்சி மற்றும் பலர்’ விளக்கம் தர வேண்டும். திருப்தியில்லையேல் ஒப்பந்தம் ரத்து. நிரந்தர ஊழியர்களுக்கு ஒப்பந்தமே கிடையாது. அதனால் மற்றும் பலர் நிம்மதியாக இருந்தார்கள்.

அபரஞ்சி லக்ஷ்மிநாராயணனிடம் ஓடினாள்.

“சார், நான் டீதானே சார் வெச்சேன்.”

“பெயர் போட்டப்ப மறுத்தீங்களா?”

“போட்டதே தெரியாது சார்.”

“தெரிஞ்சப்புறம் முன் சீட்டில உக்காந்தீங்கல்ல?”

அவள் மெமோவை எடுத்துக்கொண்டு பத்மஜாவிடம் போனாள்.

பத்மஜாதான் இரக்கப்பட்டு விளக்கத்தை எழுதிக் கொடுத்தாள். தவறு நடந்தது உண்மை, இனி நடக்காது, இப்படிக்கு அபரஞ்சி. இதையும் முதலில் கூட்டத்தில் வைக்க வேண்டுமாம். சுற்றறிக்கை விளக்கத்துக்கும் பொருந்தும்.

“அப்போ இதுக்கும் வாயைத் திறந்தவங்க எல்லாம் ஆசிரியரா, பத்மஜாம்மா?” என்று கேட்டாள் அபரஞ்சி.

“ஆமாம் அக்கா. ஆனா முதல் பேரு உங்களுதுதான். உங்களுக்கு முன்னாடி வரணும்னா பேரு ஆரம்பத்துல ரெண்டு ஏ வேணும்.”

அபரஞ்சிக்கு ஆங்கிலத்தில் அதிகம் தெரியாது. ஆனால் ஆனந்தராவ் வந்தால் உட்காருவதற்கென்று இங்கே ஒதுக்கிய அறையில் அவர் பெயர்ப்பலகையை அவளைத் தினமும் துடைக்க வைத்திருந்தார்கள். எண்கணித ஜோசியர் பேச்சைக் கேட்டு, அவர் தன் பெயருக்கு முன்னால் ஒரு ‘ஏ’ கூடுதலாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். இப்போது பெரிய அதிகாரிகளெல்லாம் இப்படிச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

விசாரணைக் கூட்டத்தில் ஆனந்தராவ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அபரஞ்சி விளக்கத்தை அவர் முன்னால் வைத்தாள். அதன்மேல் டீயை வைத்தாள்.

“சரியா இருக்கா சார்?”

ஒரு வாய் உறிஞ்சிவிட்டு ஆனந்தராவ் சொன்னார்: “ஹவ், ஹவ்.”

அனிருத் தலையை நிமிர்த்தாமல் எழுதினான்.

விளக்கம் ‘ஆனந்தராவ் மற்றும் பலர்’ என்று தலைமை அலுவலகத்துக்குப் போயிற்று. அங்கே அதைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர் ஆனந்தராவ். நிராகரித்தால் தனக்குத் தானே மெமோ கொடுக்க வேண்டும். மூன்று முறை படித்துவிட்டு, மிக நேர்மையான விளக்கம் என்று ஏற்றுக்கொண்டார். அபரஞ்சியின் ஒப்பந்தத்திலும் கையெழுத்து விழுந்தது.

கையேட்டை மட்டும் யாரும் திருத்தவில்லை. திருத்துவதற்குக் கூட்டம் போட வேண்டும், கூட்டத்தில் யாராவது வாயைத் திறக்க வேண்டும். இன்றைக்கும் வால்வு இடப்பக்கம்தான். பம்பு அறை வாசலில் குடைகள் மாட்டியிருக்கின்றன.

அபரஞ்சி இப்போது கூட்டங்களில் வாயே திறப்பதில்லை. இந்தக் கதையை மட்டும் எல்லாரிடமும் சொல்கிறாள். கேட்பவர் நடுவில் ஒரு ‘ம்’ போட்டதும் பெயரைக் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறாள். பெயர் இரண்டு ஏயில் தொடங்கினால் இன்னொரு டீ கொடுத்து, முதலிலிருந்து மறுபடியும் சொல்கிறாள்.