முந்நூறு கப் புட்டிங்கும் ஒரு தலைப்பிறையும்

றமழான் தலைப்பிறையைக் கண்டவர் எவரும் பக்கத்தில் நிற்பவரின் கையைப் பிடித்து, "அந்தா, அந்தா!" என்று காட்டுவார். நானும் ஒருமுறை கண்டேன். கண்டவுடன் மெதுவாகத் திரும்பி நின்று கடலைப் பார்த்தேன். பிறை தெரிவது மேற்கில், கல்முனைக் கடல் இருப்பது கிழக்கில் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

அந்தத் துரோகத்துக்குக் காரணம் முந்நூறு கப் புட்டிங்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நானும் சம்மாந்துறையிலிருந்து ஒரு சூட்கேசோடும் ஒரு கணினி டிப்ளோமாவோடும் கல்முனைக்கு வந்து சேர்ந்தேன். பெண்ணின் வாப்பாவான மாமாவுக்குச் சொந்தமாகப் பேக்கரி இருந்தது. அவருடைய பாணுக்கும் வட்டிலப்பத்துக்கும் விளம்பரம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் வேலை தேவைப்பட்டது. நாலு மாதம் பொறுத்துப் பார்த்த மாமா, கட்டாரில் இருக்கும் மச்சானிடம் எனக்கு ஒரு விசா பார்க்கச் சொல்லிவிட்டார். என் மனைவி ரிஸ்னா அப்போது பிள்ளை உண்டாகியிருந்தாள். அவளை விட்டுப்போக எனக்கு மனமே இல்லை. அழுகை வரும்போல இருந்தது. (வரும்போல என்ன, குளியலறைக்குள் போய் அழுதேன்.)

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மாமாவிடம் போய், "ஒரேயொரு நாள் தாங்க மாமா. கடைக்குச் சனத்தச் சேர்த்துக் காட்டுறன்" என்றேன்.

"சரிவரல்லண்டா?"

"கட்டாருக்குப் போறன்."

இணையத்தில் தேடினேன். அமெரிக்காவில் கிட்டத்தட்ட எல்லா இனிப்புக்கும் ஆளுக்கொரு தினம் வைத்திருக்கிறார்கள். பெப்ரவரி பத்தொன்பது சாக்லேட் மின்ட் தினம். சாக்லேட்டோடு புதினாச் சுவை. புதினாவைப் பிரியாணிக்கு மட்டும் பாவிக்கும் ஊரில் இது ஒரு புரட்சி என்று நினைத்தேன். அன்றைக்கு அந்தச் சுவையில் முந்நூறு கப் புட்டிங் போடுவது என் திட்டம்.

"இந்த நாள ஆரு வச்ச?" என்று மாமா கேட்டார்.

"அமெரிக்காவில மாமா."

"அமெரிக்காவில ஆரு?"

தேடிப் பார்த்தேன். யார் வைத்தார்கள், ஏன் பத்தொன்பதாம் திகதி, ஒன்றுக்கும் பதில் இல்லை. "அது ஆருக்கும் தெரியா மாமா."

"ஆரு வச்செண்டே தெரியாத நாளுக்கு நாம ஏன் மகன் முந்நூறு கப் செய்யணும்?"

நியாயமான கேள்வி. அதனால் கடைச் சுவரில் தொங்கிய கலண்டரைக் காட்டினேன். தலை நோன்பு இருபதாம் திகதி என்று அதில் அச்சடித்திருந்தது. அதற்கு முதல் நாள் ஊரே வயிறாரத் தின்னும் என்பது என் கணக்கு.

"பிறையப் பார்க்கணுமே மகன்."

"கலண்டர்லயே போட்டிருக்கு மாமா."

மாமா கலண்டரை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மா பிசையப் போய்விட்டார்.

பதினெட்டாம் திகதி பின்னேரத்துக்குள் முந்நூறு கப்பும் தயார். குளிர்ப்பெட்டி போதாமல் பாதியை மீன்காரர்களின் ஐஸ் பெட்டிகளில் அடுக்கினோம். மாமி ஒரு கரண்டி வாயில் வைத்து, கண்ணை மூடி யோசித்து, "மகன், இது தின்றதா, பல் தீட்டுறதா?" என்று கேட்டா. என் குரலைப் பதிவுசெய்து, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்றையும் ஊர் சுற்ற அனுப்பியிருந்தேன்.

பொழுதுபட்டு மஃரிப் தொழுததும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருந்த மாமா, "உங்களுக்கு இளங்கண், வாங்க" என்று என்னையும் பிறை பார்க்க மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனார். அவருக்கு ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது. மற்றவர்களும் கண்ணாடி போட்ட பெரியவர்கள். சம்மாந்துறை வயல்களுக்கு மேலே முகில் கொஞ்சம் விலகியது. வெட்டிப்போட்ட நகத்துண்டு போல, அது நின்றது. கண்டேன் என்று சொன்னால் நாளைக்கே நோன்பு; பகலில் புட்டிங் தின்ன ஒருவரும் வரமாட்டார்கள்.

நான் கடலைப் பார்த்தேன். கட்டார் அந்தப் பக்கமும் இல்லை.

"தெரியுதா மகன்?"

"முகில் மாமா." (அது பொய்யில்லை. முகிலும் இருந்தது.)

"ஏன் கடலப் பார்க்கீங்க?"

"காத்து நல்லா வருது."

மாமா நல்ல கண்ணால் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல், "கண்டுட்டீங்க என்ன?" என்றார்.

புட்டிங், விசா, ரிஸ்னாவின் முகம், மறுமை நாள் எல்லாம் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தன. "ஓம் மாமா" என்றேன். அந்தா என்று கையையும் நீட்டினேன்.

என்னை உட்காரவைத்து விசாரித்தார்கள். எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில், முனை எந்தப் பக்கம் என்று கேட்டுக் கொழும்பில் பிறை முடிவு சொல்பவர்களுக்கு அறிவித்தார்கள். பொத்துவிலிலும் வேறு பல ஊர்களிலும் ஏற்கனவே கண்டிருந்தார்களாம். நான் வாயை மூடிக்கொண்டிருந்தாலும் நாளைக்கு நோன்புதான். பாவம் மட்டும் எனக்கு மிஞ்சியிருக்கும்.

இஷாத் தொழுகைக்குப் பிறகு பள்ளி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். நாளை தலை நோன்பு, நமதூரில் பிறையைக் கண்டவர் பேக்கரி ஹாஜியாரின் மருமகன் என்று என் பெயரையும் வாப்பாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள். அது அடங்கியதும் தெருக்கோடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. என் குரல்.

"நாளை பகல் பதினொரு மணிக்கு! குடும்பத்தோடு வாருங்கள்! வயிறாரச் சாப்பிடுங்கள்!"

ஓட்டோக்காரருக்குத் தன் ஒலிபெருக்கிச் சத்தத்தில் பள்ளி அறிவித்தல் கேட்கவில்லை. என் தொலைபேசி அழைப்பும் கேட்கவில்லை. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். மூன்று தெரு. வீட்டு வாசல்களில் சனம் நின்று பார்த்தது. "பிறை கண்டதும் இவர்தான், பகல்ல தின்னக் கூப்பிடுறதும் இவர்தான்" என்று ஒரு பெண் தன் புருஷனுக்கு விளக்கினா.

அடுத்த நாள் நோன்பு திறக்கும் நேரம், முந்நூறு கப்பும் பள்ளிவாசலில் கஞ்சிக்குப் பக்கத்தில் இருந்தன. மீன் மணத்தையும் மின்ட் மணத்தையும் பொறுத்துக்கொண்டு சாப்பிட்ட ஒரு பெரியவர், "மாஷா அல்லாஹ், மிஸ்வாக் குச்சியால பல் தீட்டின நன்மையும் கிடைச்சிருக்கும்" என்றார். ஒரு கப்பும் மிஞ்சவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சூட்கேசை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். மாமா கதவடியில் நின்று பார்த்தார்.

"அத உள்ள வைங்க. மச்சானுக்கு வேணாமெண்டு சொல்லிட்டன்."

"நான் கடலப் பார்த்தன் மாமா."

"பார்த்தீங்கதான். பிறகு திரும்பினீங்களே" என்றார். "நாளைக்குக் கடையத் திறங்க."

இரண்டாவது முறையும் குளியலறைக்குள் போனேன்.

இப்போது கடை என் பொறுப்பில். மின்ட் புட்டிங் செய்வதில்லை. ஆனாலும் கடைக்கு வரும் யாராவது என்னைச் சீண்டுவதற்கென்றே, "ஹாஜியார், அந்த மின்ட் நாள ஆரு வச்ச?" என்று கேட்பார்கள். மாமா பாணைச் சுற்றிக்கொண்டே, முகத்தில் சிரிப்பில்லாமல் சொல்வார்:

"அது ஆரெண்டு அமெரிக்காக்காரனுக்கே தெரியா. ஆனா அண்டைக்கி நோம்ப வச்சது எங்கட மருமகன்தான்."