பூங்காவுக்குள் ஒரு பொதுப்பாதை

மனிதகுலம் சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியான பெருஞ்செயல், அறுபதுகளின் நடுவில் மாத்தளைப் பூங்காவுக்குள் நாங்கள் போட்ட பொதுப்பாதைதான். நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் ஒரே பாதையில் சரிசமமாகச் செல்வது! அதைத் திட்டமிட்ட 'பூங்கா மேம்பாட்டுக் கமிட்டி'யில் அடியேனும் ஓர் அங்கத்தவன்.

முன்பு அங்கே இருந்தது வெறும் மண் தடம். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள், கண்டி வீதியின் லொறிகளுக்குப் பயந்து, பூங்காவைக் குறுக்கே கடந்து ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். பேக்கரி ரொட்டி விற்கும் பாண்காரர் அப்துல் ஸமத்தும் பெட்டி கட்டிய சைக்கிளில் அதே வழியால்தான் போவார். எந்தத் திட்டமும் இல்லாமல் இவ்வளவு பேர் போய்வருவது கமிட்டிக்குப் பெருங்கவலையாக இருந்தது.

தலைவர் சிவலிங்கம், தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டங்களுக்குக் காரில் வருவார். மற்றவர்களும் அப்படியே. ஆகவே நடப்பதைப் பற்றியும் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றியும் விருப்பு வெறுப்பின்றி ஆராய எங்களால் முடிந்தது.

'சைக்கிள் தரப்பின்' கருத்தை அறிய அப்துல் ஸமத்தை அழைத்தோம். எதிரே ஆள் வந்தால் என்ன செய்வீர் என்று தலைவர் வினவினார்.

"பெல் அடிப்பேங்க. அவங்க ஒதுங்குவாங்க. வயசானவங்கன்னா நான் எறங்கி உருட்டிக்கிட்டுப் போவேன்."

"இதுல கொள்கைன்னு ஒண்ணும் இல்லையே" என்று தலைவர் வருந்தினார்.

கொள்கையை நாங்கள் உண்டாக்கினோம். தார் போட்டு, நடுவே வெள்ளைக் கோடு இழுத்தோம். தாரில் சேறு படக்கூடாது. எனவே வெறுங்காலோடு நடக்கத் தடை. தார் பெயரக்கூடாது, எனவே சைக்கிளில் பாரம் ஏற்றத் தடை. வாசலில் ஒரு காவல்காரன். அவன் தலைக்கு மேல், 'இப்பாதை எல்லோருக்கும் உரியது' என்று ஒரு பலகை.

திறப்பு விழாவின் மாலைகள் வாடுமுன்னே அந்த 'அசம்பாவிதம்' நடந்தது. கொழுந்து பறிக்கும் பாப்பம்மா, வலிப்பு கண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தாள். காலில் செருப்பில்லை. உள்ளே விடத் தனக்குக் கமிட்டியின் ஓடர் இல்லை என்றான் காவல்காரன். அவள் கண்டி வீதிப் பக்கம் திரும்பினாள்.

பாண்பெட்டிக்காக அதே வாசலில் நிறுத்தப்பட்டிருந்த அப்துல் ஸமத் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

"ஏறு தங்கச்சி. ஒன் கால் தரையில படாது."

"அப்ப இது பாரம் இல்லையா ஸமத் நானா?" என்றான் காவல்காரன்.

"இது புள்ள" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்தார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. கொஞ்சம் பிந்தியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். திறந்து கிடந்த பெட்டியில் இருந்த பாணைக் காகங்கள் கொத்தித் தீர்த்தன. இவை இரண்டும் கமிட்டியின் கவனத்துக்குரியவை அல்ல.

அவசரக் கூட்டம் கூடியது. செய்தது சரியா என்று தலைவர் அப்துல் ஸமத்தை விசாரித்தார். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்தப் பாதய எதுக்குங்க போட்டீங்க?"

அக்கேள்வி ஒழுங்குக்குப் புறம்பானது என்று தலைவர் தீர்ப்பளித்தார். இருதரப்பாரும் பாதையைப் 'பாவிக்க', அதாவது உபயோகிக்கவே, முற்பட்டது தெளிவாகிவிட்டதால், மக்கள் பக்குவம் அடையும்வரை வாசலைப் பூட்டிவைப்பதென்று ஏகமனதாக முடிவானது.

பாதை இன்றும் புதுசாகவே மின்னுகிறது. வெளியூர்க் கனவான்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்து வியக்கிறார்கள்.

அப்துல் ஸமத் கண்டி வீதியால் போகத் தொடங்கினார். ஒரு மழைநாளில், வளைவில் வந்த லொறி அவரைச் சாய்த்துவிட்டது. ஒரு காலை எடுத்துவிட்டார்கள். பாப்பம்மா அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்து போனாளாம். அவளும் அதே வீதியால்தான்.

ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் எழுந்து, நமது பொதுப்பாதையில் இன்றுவரை ஒரு விபத்துக்கூட நேர்ந்ததில்லை என்று அறிவித்தார். நாங்கள் நெடுநேரம் கைதட்டினோம். அவர் சொன்னது முழு உண்மை. அப்துல் ஸமத் விழுந்து கிடந்தது எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம்.