நாலு பட்டன், நாலு கதவு

கியர் கம்பி கையோடு வந்துவிட்டது.

லிஃப்ட்காரர் அதைப் பிடுங்கின முள்ளங்கி மாதிரி தூக்கிப் பிடித்தபடி டிரைவர் சீட்டிலேயே உறைந்துபோனார். பழைய வண்டிப் பிரியர்கள் சங்கத்தின் ஊர்வலத்துக்கு இன்னும் முழுசாக ஒரு மாசம்கூட இல்லை. இந்த வருஷம் எல்லோருக்கும் முன்னால் போகப்போவது அவர் வண்டிதான். அவர் வண்டி என்பதே ஒரு பேச்சுக்குத்தான். உண்மையில் மாமனார் வண்டி, கிளட்ச் இல்லாத அந்தக் காலத்து ஆட்டோமேட்டிக். மாமனார் கண்ணை மூடிய கையோடு சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டவர் இவர்.

லிஃப்ட்காரர் என்றால் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். எந்த மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் பாதி வழியில் நின்றாலும் இவருக்குத்தான் போன் வரும். மனைவி டிரைவிங் ஸ்கூல் டீச்சர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் பெற்ற அப்பாவின் வண்டியை ஒரு தடவைகூட ஓட்டினதில்லை. "அந்தக் கியர் உனக்கு விழாதும்மா" என்று அப்பா இருந்தவரை சொன்னார். அவர் போனபிறகு மாப்பிள்ளை அதே பாட்டை ஒரு கட்டை உயர்த்திப் பாடிக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் ஷெட் வாசலில் வந்து நின்றாள்.

"என்னங்க, கியர் உங்களுக்கும் விழலையா?"

"விழுந்துடுச்சு. கைக்குள்ள."

"ஆம்பளை கை கேக்கும்னு சொல்லிட்டே இருந்தீங்க. ஒரேயடியா கேட்டு வாங்கிட்டீங்க."

"இரும்புக்கு வயசாயிடுச்சு, நான் என்ன பண்றது?"

"சரி. இந்த வருஷம் ஊர்வலத்துல நான் ஓட்டட்டுமா?"

"கம்பியே இல்ல, எதைப் பிடிச்சு ஓட்டுவ?"

"கம்பி போட்டதும்."

"போட்டதும் பாக்கலாம்."

புருஷன் வாயில் 'பாக்கலாம்' வந்தால் அதற்கு 'முடியாது' என்று அர்த்தம். கல்யாணமான எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

"எங்கப்பா வண்டிங்க அது. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

லிஃப்ட்காரருக்கு மனசு இளகத்தான் செய்தது. ஆனால் போன வருஷ ஊர்வலம் ஞாபகம் வந்தது. கூலிங் கிளாஸ் என்ன, ஜன்னலுக்கு வெளியே நீட்டின முழங்கை என்ன, ரோட்டோரத்துக் கைதட்டல் என்ன! இளகின மனசு மறுபடியும் கெட்டியாகிவிட்டது.

மறுநாள் எதிர்வீட்டுப் பல் டாக்டரைக் கூப்பிட்டு அறிவித்தார். பல் டாக்டரும் சங்கத்து ஆள்தான், ஒரு பழைய ஜீப் வைத்திருக்கிறார்.

"டாக்டர், இனிமே கம்பியே கிடையாது. எலக்ட்ரானிக் பட்டன் வைக்கப் போறேன்!"

"கியருக்கா?"

"கியருக்குத்தான். டேஷ்போர்டுல நாலு பட்டன். பார்க்கிங், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ். இங்க அமுக்கினா ஒரு மோட்டார் அடியில இருக்கற கியர் கேபிளை இழுக்கும். விரல் நுனி போதும்!"

"அடடே! அப்ப யார் வேணா ஓட்டலாம்னு சொல்லுங்க. உங்க வீட்டம்மாகூட ஓட்டலாம்."

லிஃப்ட்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளப் பார்த்தோமே! பட்டன் வைத்தால் அவளைத் தடுக்க ஒரு சாக்கும் மிஞ்சாது. ஒடிந்த கம்பியை வைத்துக்கொண்டு ஊர்வலம் போகவும் முடியாது. வாசலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடந்து நடந்து ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்.

சாமான் வந்து சேர்ந்தது. அதோடு வந்த குட்டிப் பட்டன்கள் அவருக்குப் பிடிக்கவில்லை. தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தன் பையிலிருந்து நாலு லிஃப்ட் பட்டன்களை எடுத்து மாட்டினார். வட்டமாக, பளபளவென்று, அமுக்கினால் சுற்றி வெள்ளை விளக்கு எரிகிற அசல் பட்டன். எதிலும் எழுத்து கிடையாது. வரிசையையும் கலைத்துப் போட்டார். எது டிரைவ், எது ரிவர்ஸ் என்று படைத்தவனுக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும்.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, வண்டியா, ஏழுமாடி ஆஸ்பத்திரியா?"

"அழகா இல்ல?"

"அழகாத்தான் இருக்கு. எது எதுக்குன்னு எழுதலையே?"

"எழுதினா அழகு கெட்டுடும்."

"எனக்கு மட்டும் சொல்லுங்களேன்."

"அது டெக்னிக்கல் விஷயம்மா. சொன்னாப் புரியாது. தப்பா அமுக்கினா வண்டி ஷெட்டை இடிச்சுட்டுப் பின்பக்கம் போயிடும், ஆமா."

"ஓஹோ" என்றாள் அவள். அந்த ஓஹோவின் நீளத்தை லிஃப்ட்காரர் கவனித்திருக்க வேண்டும். ஆனால் மனுஷன் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். பெரிய மனசு பண்ணி மனைவியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, தெருவை இரண்டு சுற்று சுற்றினார். முன்னே போனார், பின்னே வந்தார், நிறுத்தினார், கிளம்பினார். வண்டி வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி போயிற்று. கடைசிச் சுற்றில் ஒரு இடத்தில் நிறுத்தி, பெருமை தாங்காமல் ஒரு வித்தையும் காட்டினார்.

"இப்ப உன் பக்கத்துக் கதவைத் திற."

திறந்தாள். அவர் பட்டனை அமுக்கினார். விளக்கு மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு எரிந்ததே தவிர, கியர் விழவில்லை.

"பாத்தியா? நாலு கதவுலயும் சுவிட்ச் வெச்சிருக்கேன். ஒண்ணு சாத்தலைன்னாலும் வண்டி நகராது. என் லிஃப்ட் எதுவும் கதவு திறந்து ஓடினதா சரித்திரமே இல்ல. வண்டி மட்டும் ஓடிடுமா?"

"நல்ல ஏற்பாடுங்க" என்றாள் அவள். மனசாரத்தான் சொன்னாள்.

ஊர்வல நாள் வந்தது. மைதானத்து வாசலில் பழைய வண்டிகள் வரிசைகட்டி நின்றன. முதல் வண்டி நம்மவருடையது. பின்னால் பல் டாக்டரின் ஜீப். அதற்குப் பின்னால் கண்ணுக்கு எட்டினவரை ஹாரன் சத்தம். மைக்செட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதோ, பட்டன் கியர் பொருத்திய பழம்பெரும் வண்டி, ஊர்வலத்தைத் தொடங்கி வைக்கிறது!" என்று முழங்கினார். லிஃப்ட்காரர் கூலிங் கிளாஸை மாட்டினார், முழங்கையை நீட்டினார், பட்டனை அமுக்கினார்.

வண்டி நகரவில்லை.

இன்னொரு தடவை அமுக்கினார். நல்ல வெயில். கண்ணில் கறுப்புக் கண்ணாடி வேறு. விளக்கு எரிகிறதா, மினுக்குகிறதா என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க ஆச்சு?" என்றாள் பக்கத்து சீட்டில் இருந்த மனைவி.

"ஒண்ணுமில்ல. சூடாகட்டும்."

"எது, வண்டியா?"

"பேசாம இரேன்!"

பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். டேஷ்போர்டைத் தட்டினார். தடவிக்கொடுத்தார். "கண்ணு, மானத்தை வாங்காதே" என்று கெஞ்சினார். பின்னாலிருந்து பல் டாக்டர், "என்ன லிஃப்ட்காரரே, மாட்டிக்கிச்சா? ஆளை வரச்சொல்லட்டுமா?" என்று கத்தினார். ஊரே சிரித்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படித் தவிப்பார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

"ஃபியூஸ் போயிருக்கும். டிக்கியில பெட்டி இருக்கு, எடுத்துட்டு வரேன்" என்று இறங்கினார். முகமெல்லாம் வேர்த்து வழிந்தது. டிக்கியைத் திறந்து, இடுப்பு வரைக்கும் உள்ளே குனிந்து, சாமான்களை உருட்டினார்.

முன்னால் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இன்னொரு கதவு சாத்துகிற சத்தமும் கேட்டது.

"என்னங்க, கொஞ்சம் ஓரமா நகருங்க!"

அவர் தலையை வெளியே எடுத்து நிமிர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திறந்த டிக்கியோடு, அலுங்காமல் குலுங்காமல், ஜம்மென்று போயிற்று. கதவு நாலுக்கும் சுவிட்ச் வைத்த மகானுபாவர் டிக்கிக்கு வைக்க மறந்துவிட்டார். லிஃப்டுக்கு டிக்கி கிடையாதே! கையில் ஸ்க்ரூடிரைவரோடு நடுரோட்டில் நின்றார். பின்னால் வந்த ஜீப் நின்றது.

"ஏறுங்க" என்றார் பல் டாக்டர். வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு சிரித்தார் பாவி மனுஷன்.

ஊர்வலம் ஊரைச் சுற்றி வந்து மைதானத்தில் முடிந்தது. வண்டியைச் சுற்றி ஒரே கூட்டம். மனைவி ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்தபடி இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போன லிஃப்ட்காரருக்கு, கோபப்படலாம் என்று வந்தும், கோபம் வரமாட்டேன் என்றது.

"நீ கதவைச் சரியா சாத்தலையா?"

"முதல் க்ளிக்குல விட்டுட்டேங்க. ரெண்டாவது க்ளிக் வரைக்கும் இழுத்தாத்தானே அது சாத்தினதா அர்த்தம்?"

"வேணும்னேவா?"

"பின்ன?"

"சரி, பட்டன்? அது எப்படித் தெரிஞ்சது?"

"பக்கத்து சீட்டுல உக்காந்து அடுத்தவங்க கையைப் பாக்கறதுதாங்க என் பொழப்பு. அன்னைக்கு ரெண்டு சுத்து சுத்தினீங்க. எனக்கு அரைச் சுத்தே போதுமா இருந்தது."

அதற்குள் மைக்செட்காரர் ஓடிவந்து ஜன்னலுக்குள் மைக்கை நீட்டினார். "அம்மா, பிரமாதமா ஓட்டினீங்க! சங்கத்துல எல்லாரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே வருஷா வருஷம் முதல் வண்டி உங்களோடதுதான். இந்தப் பட்டன் வேலையெல்லாம் யார் செஞ்சது?"

லிஃப்ட்காரர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓரடி முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரர்தாங்க. ஒவ்வொண்ணையும் பார்த்துப் பார்த்து எனக்காகவே செஞ்சு குடுத்தார்" என்றாள் அவள்.

மைதானமே கைதட்டியது. பெண்களெல்லாம் அவரைப் பார்த்து, இப்படியும் ஒரு புருஷனா என்று உருகினார்கள். இத்தனை பேர் நடுவில் மறுத்தா பேசமுடியும்? லிஃப்ட்காரர் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பின் சீட்டில் ஏறி, ரெண்டாவது க்ளிக் கேட்கிறவரைக்கும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.