அனுமதி கேட்கிறார் சத்தார்

'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று ஆறாவது தடவையாகத் திரையில் வந்ததும் சத்தார் மவுஸைத் தூக்கி எறியப் போனார். போன வாரம் வாங்கின மவுஸ் என்பது ஞாபகம் வரவே, மெதுவாகக் கீழே வைத்தார்.

"உமர், உள்ளயே விடமாட்டேங்குது" என்றார் போனில்.

ஆம்பூரில் எட்டு மெஷின் போட்டு, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கிற யூனிட் அவருடையது. தோலை எந்த வடிவத்தில் வெட்டுவது என்கிற பேட்டர்ன் எல்லாம் அவர் மனைவி குர்ஷித் வீட்டுக் கம்ப்யூட்டரில் போடுவாள். இவர் யூனிட்டில் உட்கார்ந்தபடி இன்டர்நெட் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் ரிமோட்டில் நுழைந்து எடுத்துக்கொள்வார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில், தொழில் பாதி இவருடையது, மூளை முழுக்க அவளுடையது.

திங்கட்கிழமை வெட்டின தோல் ஒன்றோடொன்று பொருந்தாமல் போக, யூனிட்டுக்கு வந்தவளைப் பார்த்து, "கண்ண மூடிக்கினு பேட்டர்ன் போட்டியா?" என்று பத்து ஆட்கள் முன்னால் கத்திவிட்டார். குர்ஷித் நேராக வீட்டுக்குப் போய், கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் அளந்து பார்த்தால் பேட்டர்ன் சரி, வெட்டியதில்தான் தப்பு.

அன்றிலிருந்து சத்தாருக்கு யூனிட்டிலேயே படுக்கை. கேட்டவர்களிடம் ஆர்டர் ஜாஸ்தி என்றார். உண்மையில் அவள் இல்லாத வீட்டுக்குள் போக மனுஷருக்கு தைரியமில்லை. போன் பண்ணலாம்தான். பண்ணினால் இறங்கி வந்த மாதிரி ஆகிவிடுமே. ரிமோட்டில் நுழைந்தால் அது தொழில் விஷயம். சனிக்கிழமை சாம்பிள் கொடுத்தாக வேண்டும், பேட்டர்ன் வேண்டும், வேறொன்றுமில்லை என்று தனக்குத்தானே நாலு தடவை சொல்லிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் உமர் ஃபாரூக் நிதானமான பையன். "என்கிரிப்ஷன்ல இன்னா வெச்சிருக்கீங்க பாய்?" என்று கேட்டான்.

"வேண்டாம்னு வெச்சிருக்கேன். புருஷன் பொண்டாட்டி நடுவுல இன்னா ரகசியம்?"

"குர்ஷித் பாபி பக்கம் கட்டாயம்னு மாத்தியிருப்பாங்க. அவங்க பூட்டு போட்டாத்தான் பேசுவேன்றாங்க, நீங்க பூட்டே வேணான்றீங்க. ரெண்டு மெஷினும் ஒத்துப்போனாதான் பாய் பேச்சே ஆரம்பிக்கும்."

"இப்போ இன்னா செய்யணும்?"

"கடைசியில ஒண்ணு இருக்கு பாருங்க, 'சர்வர் முடிவு செய்யட்டும்'னு. அத வைங்க."

"சர்வர்னா?"

"அந்தப் பக்கம் இருக்கிற மெஷின். பாபியோடது."

சத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ அவ முடிவு பண்ணுவா, நான் தலையாட்டணுமா?"

"மெஷின்தான் பாய் முடிவு பண்ணும்."

"ரெண்டும் ஒண்ணுதான்."

அவள் 'கட்டாயம்' என்றால் நானும் 'கட்டாயம்' என்று, பட்டியலில் இருப்பதிலேயே பலமான பூட்டைத் தேர்ந்தெடுத்தார். ஆச்சரியமாக வேலை செய்தது. செய்த கையோடு பாஸ்வேர்ட் கேட்டது. பழையதைப் போட்டார், தப்பு. தன் பேரைப் போட்டார், தப்பு. தன் பிறந்த தேதியைப் போட்டார், அதுவும் தப்பு.

"பாஸ்வேர்ட மாத்திட்டா உமர்."

"சரி, சும்மா போட்டுப் பாக்காதீங்க. நாலு தடவ தப்பானா உங்கள பிளாக் பண்ணிடும்."

"நாலாவதும் போட்டுட்டேன்."

உமர் பெருமூச்சு விட்டது போனில் நன்றாகக் கேட்டது. "பாஸ்வேர்ட் இல்லாம அனுமதி கேக்கிற வழி ஒண்ணு இருக்கு. பாபி திரையில ஒரு பொட்டி வரும். 'சத்தார் உள்ளே வர அனுமதி கேட்கிறார்'னு. ஆமா, இல்ல, ரெண்டுல ஒண்ண அவங்க அமுக்கணும். கூட ஒரு வரி எழுதியும் அனுப்பலாம். ஆனா அதுக்கு 'சர்வர் முடிவு'தான் வைக்கணும்."

சத்தார் கண்ணை மூடிக்கொண்டு அதை அமுக்கினார். அனுமதி கேட்டார்.

ஒரே நொடியில் 'இல்லை' என்று வந்தது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "உமர், அவ எதிர்லயேதான் உக்காந்திருக்கா."

"பேட்டர்ன் வேணும், சனிக்கிழமை சாம்பிள்" என்று எழுதி அனுப்பினார். இல்லை. "அவசரம்" என்று எழுதினார். இல்லை. "சாப்ட்டியா?" என்று எழுதினார். இதற்குக் கொஞ்சம் யோசித்துவிட்டு, இல்லை.

அது சாப்பிடவில்லை என்பதா, உள்ளே விடமாட்டேன் என்பதா என்று உமரைக் கேட்டார். சாஃப்ட்வேரில் அவ்வளவு தெளிவு கிடையாது என்றான் உமர்.

கடைசியில், ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார். "உன் பேட்டர்ன் சரிதான். வெட்டினதுலதான் தப்பு. எல்லார் முன்னாடியும் நான் கத்தியிருக்கக் கூடாது."

இந்தத் தடவை பதிலே வரவில்லை. திரை அப்படியே நின்றது. முப்பது நொடி. சத்தார் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

இல்லை.

"உமர், நான் இன்னா செய்யட்டும்?" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"பாய், இதுக்கு மேல இதுல செட்டிங் கிடையாது. நேர்ல போங்க."

தையல் மெஷின்கள் எல்லாம் நின்றுபோய், பத்துப் பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அன்னிக்கு தப்பு என் மேலதான்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு சத்தார் முகத்தைக் கழுவினார். பைக்கை எடுத்தார். உச்சி வெயிலில் இருபத்து நாலு கிலோமீட்டர். வழி நெடுக மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டே போனார். தமிழில் ஒரு தடவை, உருதுவில் ஒரு தடவை. உருதுவில் கேட்டால்தான் அவள் மனசு இளகும் என்று பட்டது. எதிரே வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்துத் திட்டியதுகூட அவர் காதில் விழவில்லை.

பேரணாம்பட்டில் கதவைத் திறந்தது குர்ஷித்தின் அண்ணன் சர்தார் பாஷா. சும்மாவே சிரிக்காத மனுஷர்.

"மச்சான், தப்பெல்லாம் என் மேலதான்" என்று வாசலிலேயே ஆரம்பித்தார் சத்தார். "பேட்டர்ன் வேணாம், சாம்பிள் வேணாம். ஆர்டர் போனா போவட்டும். அவ இல்லாம என்னால முடியல. அவள அனுப்பி வைங்க, நான் கூட்டிக்கினு போறேன்."

சர்தார் பாஷா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"காலைல ஏழு மணிக்கே கம்ப்யூட்டரத் தூக்கிக்கினு உங்க வீட்டுக்கு வந்துட்டாளே மாப்ள, நீங்க இன்னும் வீட்டுக்கே போவலியா?"