ஆத்மநாதன் ட்ரௌட் பிடிக்கப் போனது

இந்தத் தடவை மனைவி செவந்தியிடம் உண்மையைச் சொல்வதில்லை என்று ஆத்மநாதன் முடிவெடுத்தார்.

இருபத்தாறு வருஷம் நீலகிரி எஸ்டேட் ஒன்றில் ஜீப் ஓட்டியவர். அங்கே ஊற்றுத் தண்ணீர் ஓடும் ஆறு. அதில் ட்ரௌட் மீன். அதற்கு மண்புழு வேண்டியதில்லை. தூண்டில் முள்ளில் கோழி இறகைக் கட்டி, ஈ மாதிரி ஆக்கி, தண்ணீர் மேல் பூப்போல விழவைக்க வேண்டும். மேனேஜர் கற்றுக்கொடுத்த வித்தை. ரிட்டயராகிச் சொந்த ஊரான அன்னவாசலுக்கு வந்தும் மனசு அந்த ஆற்றிலேயே கிடந்தது.

செவந்தி அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. கேட்கும்போதெல்லாம், "குளிரு, அட்டை. ஒனக்கு ஒத்துக்காது" என்பார். அன்னவாசலில் மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளும் மேலே கேட்டதில்லை.

எஸ்டேட்டிலிருந்து பழைய கூட்டாளி ஜெரால்டு போன் பண்ணினான். "மீன் நல்லா எடுக்குதுண்ணே. வாங்க, தூண்டில் போட லைசென்சு நான் வாங்கி வைக்கிறேன்."

"ஜெரால்டு மகளுக்குக் கல்யாணம்" என்றார் செவந்தியிடம்.

"சரி, போயிட்டு வாங்க."

இவ்வளவு சுலபமா என்று அவருக்கே சந்தேகம். ஒரு வாரம் ஒளிந்து ஒளிந்து வீட்டுச் சேவலின் கழுத்து இறகைப் பிடுங்கினார்.

"சேவலுக்கு என்னங்க ஆச்சு?"

"சூடு. உதிருது."

"பாவம்" என்றாள்.

கிளம்பும் காலையில் அவளும் பட்டுச்சேலையில் நின்றாள். கையில் புது ஸ்வெட்டர்.

"நீ எங்கிட்டு?"

"கல்யாணத்துக்குத்தான். நீங்க மட்டும் போனா என்ன நெனைப்பாங்க?"

திருச்சி வரை யோசித்தார். கோயம்புத்தூர் வரை யோசித்தார். பொய்யை எந்தப் பக்கம் திருப்பியும் வழி கிடைக்கவில்லை.

ஜெரால்டு வீட்டில் பந்தலும் இல்லை, பாட்டும் இல்லை. அவன் மனைவி பிளெஸ்ஸி வந்து செவந்தியின் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா. போன்ல சொன்னபடியே அண்ணனக் கூட்டிட்டு வந்துட்டீங்களே."

ஆத்மநாதன் திரும்பினார். ஜெரால்டு தரையைப் பார்த்தான். "ஒங்களுக்குப் போன் பண்ணச் சொன்னதே அக்காதாண்ணே."

மறுநாள் ஆற்றங்கரை. அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. செவந்தி குனிந்து தண்ணீரில் கை வைத்தாள்.

"இந்த எடத்தையா அட்டைன்னு சொன்னீங்க?"

அவர் பையிலிருந்து தூண்டில் கம்பை எடுத்தார். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள்களில் எத்தனை நாள் தான் இங்கே நின்றிருந்தோம் என்று முதல்முறையாக யோசித்தார்.

"நான் ஒண்ணு பிடிச்சதும் ஒனக்குக் கம்பத் தாரேன்" என்று பெரிய மனசோடு கம்பைப் பூட்டினார்.

ஜெரால்டு தயங்கினான். "ஒரு லைசென்சுதாண்ணே கிடைச்சுது. சீட்டுல பேரு உள்ளவங்கதான் வீசணும்."

சீட்டை வாங்கிப் பார்த்தார். செவந்தி என்று இருந்தது.

கம்பு கை மாறியது. வீசுவது எப்படி என்று அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தார். "அப்புறம் பேசாமக் காத்துக்கிட்டு நிக்கணும்."

"அது எனக்குப் பழக்கந்தான்."

இறகு தண்ணீரில் மெல்ல விழுந்தது. ஆத்மநாதன் மீனை ஏந்தும் கைவலையோடு ஓர் அடி முன்னால் வந்தார்.

"கொஞ்சம் பின்னாடி போங்க" என்றாள் செவந்தி, திரும்பாமலே. "ஒங்க நெழலப் பாத்து மீனு பயப்படுது."